எண்ணூர், மணலிப் பக்கத்திலிருந்து சுற்றுச்சூழல் அறிவியல் படிக்க விரும்புவோருக்கு

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை முடித்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் ஒரு மாணவி திருவொற்றியூரிலிருந்து கேட்டிருக்கிறார். கேள்வியின் சாரம் இது: "உயிரியலும் கணிதமும் உள்ள பிரிவில், தமிழ் வழியில் படித்தேன். கல்லூரியில் சுற்றுச்சூழல் அறிவியல் படிக்க ஆசை. அதைப் படித்தால் வேலை கிடைக்காது என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மையில் அதில் என்ன சொல்லித்தருவார்கள்? எங்கே படிக்கலாம்? அப்பா மணலியில் ஓர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. நான் இதைப் படிப்பது அவருடைய பிழைப்புக்கு எதிராகப் போவதாக ஆகிவிடுமா?"

வேதியியலும் சுற்றுச்சூழலும் நெடுங்காலம் கல்லூரியில் கற்பித்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். தாராளமாகப் படி அம்மா. வேலை கிடைக்கும். தொடக்கத்தில் சம்பளம் குறைவாக இருக்கும். அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் ஒரு யோசனையை முதலிலேயே வைத்துவிடுகிறேன். இளநிலைப் பட்டத்திலேயே 'சுற்றுச்சூழல் அறிவியல்' என்ற பெயரைத் தேடி அலையாதே. மூன்று ஆண்டுகள் ஓர் அடிப்படை அறிவியலை, முடிந்தால் வேதியியலை, ஆழமாகப் படி. அதன் பிறகு முதுநிலையில் சுற்றுச்சூழலுக்கு வா.

காரணம் இருக்கிறது. இந்தத் துறைக்குள் வேதியியல், உயிரியல், நிலவியல், வானிலை, புள்ளியியல், சட்டம் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கின்றன. இளநிலையிலேயே எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுவிட்டு வருபவர்களை நேர்முகத் தேர்வுகளில் பார்த்திருக்கிறேன். புவி வெப்பமாதலைப் பற்றி நன்றாகப் பேசுவார்கள். "ஒரு நீர் மாதிரியைக் கொடுத்தால் எந்தச் சோதனையை யார் துணையும் இல்லாமல் செய்வாய்?" என்று கேட்டால் தடுமாறுவார்கள். ஆய்வகத்திலும் ஆலையிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் முதலில் கேட்கப்படுவது அந்தக் கேள்விதான். வேதியியல் பிடிக்காவிட்டால் விலங்கியல் அல்லது தாவரவியல் எடு. மண்ணும் வரைபடமும் பிடித்தால் நிலவியலோ புவியியலோ எடு. எதை எடுத்தாலும் அதில் உன் கை பழகியிருக்க வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். பட்டப் படிப்பில் யார் எதைப் படித்தாலும் சுற்றுச்சூழல் பற்றி ஒரு தாள் கட்டாயம் இருக்கும். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடர்ந்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991 இல் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. 2003 இல் மீண்டும் வலியுறுத்திய பிறகு, பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த ஆறு மாதப் பாடத்திட்டம் கல்லூரிகளுக்கு வந்தது. நல்ல நோக்கத்தில் வந்த தாள் அது. ஆனால் பெரும்பாலான கல்லூரிகளில் தேர்வுக்கு முந்தைய இரவு படித்துத் தேர்ச்சி பெறும் தாளாகத்தான் நடக்கிறது. உன் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் "அதில் என்ன இருக்கிறது, மரம் நடுவது பற்றித்தானே" என்று சொல்பவர்கள் அந்தத் தாளை மட்டும் பார்த்தவர்கள். துறை வேறு.

துறை எப்படிப்பட்டது என்பதை ஒரே ஒரு சோதனையைக் கிட்டத்தில் காட்டிச் சொல்கிறேன். தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அளப்பது. விங்க்ளர் முறை என்று பெயர்; நூறாண்டுக்கு மேல் பழையது, இன்றும் சொல்லித்தரப்படுகிறது. 300 மில்லி கண்ணாடிப் புட்டியைத் தண்ணீரால் விளிம்புவரை நிரப்ப வேண்டும். ஒரு காற்றுக் குமிழிகூட உள்ளே நிற்கக்கூடாது. நின்றால் காற்றில் உள்ள ஆக்சிஜனையும் சேர்த்து அளந்துவிடுவாய். கரையில் நின்றபடியே மாங்கனீசு சல்பேட் கரைசலையும், காரத்தில் கரைத்த அயோடைடு–அசைடு கரைசலையும் விட வேண்டும். புட்டிக்குள் பழுப்பு நிறத்தில் வீழ்படிவு திரண்டு மெல்லக் கீழே இறங்கும். தண்ணீரில் ஆக்சிஜனே இல்லாவிட்டால் அது வெள்ளையாகவே நிற்கும். பக்கிங்காம் கால்வாயில் சாக்கடை வந்து சேரும் இடத்துத் தண்ணீரில் வெள்ளை வீழ்படிவைப் பார்க்கும் மாணவர்கள் முகம் மாறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். எண் வருவதற்கு முன்பே புட்டி பதில் சொல்லிவிடுகிறது.

பிறகு ஆய்வகத்தில் கந்தக அமிலம் விட்டால் வீழ்படிவு கரைந்து அயோடினின் மஞ்சள் பழுப்பு நிறம் வரும். பியூரெட்டிலிருந்து தயோசல்பேட்டை விட்டுக்கொண்டே வந்தால் வைக்கோல் நிறமாக வெளிறும். அந்த இடத்தில் ஸ்டார்ச் சேர்த்தால் நீலம். அதன்பின் ஒவ்வொரு துளியாக, நீலம் மறையும்வரை. 200 மில்லி மாதிரியும் 0.025 நார்மல் தயோசல்பேட்டும் எடுத்தால், செலவான ஒவ்வொரு மில்லியும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஆக்சிஜன். 30 டிகிரி வெப்பத்தில் நல்ல தண்ணீரில்கூட ஏறக்குறைய 7.5 மில்லிகிராம்தான் கரையும். வெப்பமோ உப்போ ஏற ஏற இன்னும் குறையும். மீன்வளத்துக்கு 4 மில்லிகிராமாவது வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நீர் வகைப்பாடு சொல்கிறது. ஆக, இயற்கைக்கும் ஆபத்துக்கும் இடையில் இருப்பது மூன்று, மூன்றரை மில்லிகிராம். அனல்மின் நிலையத்திலிருந்து வெளிவரும் சுடுநீர் கழிமுகத்தில் கலந்தால் ஏன் மீனவர்கள் பதறுகிறார்கள் என்பது இந்த ஒரு கணக்கிலேயே புரிந்துவிடும்.

இதே சோதனையை ஒட்டித்தான் பிஓடி எனப்படும் உயிரிவேதி ஆக்சிஜன் தேவையும், அதாவது தண்ணீரில் உள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனும், அளக்கப்படுகிறது. பிறநாட்டுப் பாடநூல்களில் 20 டிகிரியில் ஐந்து நாள் வைக்கச் சொல்லியிருக்கும். நம் நாட்டுத் தரநிலை 27 டிகிரியில் மூன்று நாள். நம் தண்ணீர் வெதுவெதுப்பானது, நுண்ணுயிர்கள் வேகமாக வேலை செய்யும் என்பதால் அப்படி வகுத்தார்கள். ஆலைக் கழிவுநீரை ஆறு, ஏரி போன்ற உள்நாட்டு நீர்நிலைகளில் விடுவதற்கான பொது வரம்பு 30 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால், அது இந்த மூன்று நாள் கணக்கு. இணையத்தில் கிடைக்கும் வேறொரு நாட்டு எண்ணோடு அப்படியே ஒப்பிட்டால் தவறான முடிவுக்குப் போவாய்.

எண்ணூர்த் தண்ணீருக்கே உரிய ஒரு பொறியும் உண்டு. சிஓடி, அதாவது வேதி ஆக்சிஜன் தேவை, கழிவை நுண்ணுயிர்களுக்குப் பதில் வேதிப்பொருளால் சிதைத்துப் பார்க்கும் அளவு; அதை டைகுரோமேட் கொண்டு அளக்கிறோம். தண்ணீரில் உள்ள குளோரைடும் டைகுரோமேட்டைத் தின்றுவிடும். கழிமுகத்தில் கடல்நீர் ஏறியிருக்கும் நேரத்தில் மாதிரி எடுத்து, குளோரைடைக் கட்டிவைக்கும் பாதரச சல்பேட்டைப் போதிய அளவு சேர்க்காமல் சோதித்தால், மாசு பல மடங்கு இருப்பதாகப் பொய்யான எண் வரும். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு ஒரு மீனவர் சங்கம் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனால், எதிர்த்தரப்பு வல்லுநர் முதல் கேள்வியிலேயே அதை உடைத்துவிடுவார். பாதிக்கப்பட்டவர்கள் சொல்வது முழுக்க உண்மையாக இருந்தும் வழக்கு தளர்ந்துவிடும். அடிப்படையை ஆழமாகப் படி என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இதுதான் காரணம். வடசென்னை மக்கள் மாசைப் பற்றிப் பேசாமல் இருந்ததில்லை, பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சுக்குப் பக்கத்தில் வைக்கத்தக்க, யாராலும் உடைக்க முடியாத அளவீடுகள் குறைவாக இருக்கின்றன. அந்த அளவீடுகளை எடுக்க இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள் வரவேண்டும் என்பது என் ஆசை.

படிக்கும் காலத்தில் உனக்குக் கிடைக்கப்போகும் பெரிய வசதி, நீ இருக்கும் இடம். கொசஸ்தலையாறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரத்தை எடுத்துக்கொள். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 இல் தொடங்கி 2017 இல் மூடப்பட்டது. வடசென்னை அனல்மின் நிலையம் 1994 இல் வந்தது. பிறகு வல்லூரில் 500 மெகாவாட் அலகுகள் மூன்று வந்தன. நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரில் குழைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்கள் கசிந்து கழிமுகத்தில் சாம்பல் படிந்தது பற்றி ஆண்டுக்கணக்கில் வழக்குகள் நடந்திருக்கின்றன. சேற்றில் உள்ளது ஆற்று வண்டலா சாம்பலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு சிட்டிகை சேற்றைக் கழுவி உலர்த்தி நுண்ணோக்கியில் வைத்துப் பார். ஆற்று மணல் துகள் மூலை முடுக்கோடு இருக்கும். நிலக்கரிச் சாம்பல் கொதி உலையில் உருகிப் பறந்துகொண்டே இறுகியது. அதனால் சின்னச்சின்னக் கண்ணாடி உருண்டைகளாக இருக்கும். கல்லூரியில் உள்ள சாதாரண நுண்ணோக்கியே போதும். முதல் ஆண்டிலேயே செய்யலாம்.

அதே இடத்தில் விலங்கியல் மாணவருக்கு வேறு வேலை இருக்கிறது. தென் அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த ஒருவகைச் சிப்பி எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் அடியைப் போர்வைபோல மூடிவிட்டது. கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றி வரும் கடல்நீரில் வந்திருக்கக்கூடும். அறிவியல் ஏடுகளுக்கு முன்பே நம் மீனவர்கள் அதைப் பார்த்துக் 'காக்கா ஆழி' என்று பெயரிட்டுவிட்டார்கள். மஞ்சள் மட்டியும் இறாலும் இருந்த சேற்றை அது பிடித்துக்கொண்டது. தண்ணீருக்குள் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கு நேரடி அடி. இதைப் படிப்பவர் காட்டுக்குப்பத்திலோ முகத்துவாரக்குப்பத்திலோ உள்ள ஒரு மீனவருடன் படகில் போகாமல் ஒன்றும் செய்ய முடியாது. கடல்நீர் ஏறி இறங்கும் எந்த ஓதத்தில், எந்த மீன்பிடி இடத்தில் என்ன கிடைக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். கழிமுகச் சேற்றில் தனியாக இறங்கவே கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாம்பல் படிந்த இடங்களில் கால் எவ்வளவு புதையும் என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது.

காற்றுக்கு வருவோம். மத்திய வாரியம் 2009 இல் நாட்டின் தொழிற்பகுதிகளை மதிப்பிட்டு, 100க்கு 70ஐத் தாண்டியவற்றைக் கடுமையாக மாசடைந்தவை என்று வகைப்படுத்தியபோது மணலி 76.32 பெற்றது. இப்போது மணலி, கொடுங்கையூர், ராயபுரம் ஆகிய இடங்களில் தொடர் கண்காணிப்பு நிலையங்கள் இருக்கின்றன. மணிக்கு மணி எடுக்கும் அளவுகளை மத்திய வாரியத்தின் தளத்திலிருந்து யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பிஎம் 2.5 எனும் நுண்துகளுக்கு நம் நாட்டு வரம்பு 24 மணி நேரச் சராசரியில் கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரியில் 40. உலக சுகாதார நிறுவனம் 2021 இல் பரிந்துரைத்தது 15, 5. இந்த இடைவெளி ஏன் என்பதே ஒரு பருவம் முழுக்கப் படிக்க வேண்டிய பொருள்.

திருவொற்றியூரில் நாற்றம் இரவில்தான் அதிகம் என்று உன் அம்மாவோ பாட்டியோ சொல்லிக் கேட்டிருப்பாய். அது வெறும் எண்ணம் இல்லை. பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து அடித்து மணலிப் புகையை உள்நாட்டுப் பக்கம் தள்ளும். இரவில் நிலக்காற்று மேற்கிலிருந்து கடலை நோக்கி வரும். மணலிக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது திருவொற்றியூரும் எர்ணாவூரும். மேலும், இரவில் தரையோரக் காற்றடுக்கு தணிந்துவிடுவதால் புகை மேலே கலைந்து போக இடமில்லை. ஒரு மாதத் தரவை எடுத்துக் காற்றின் திசைவாரியாகவும் மணிவாரியாகவும் பிரித்து வரைந்து பார். பாட்டி சொன்னது தாளில் வருகிறதா என்று தெரிந்துவிடும். இதற்குத் தேவை பள்ளிக் கணிதமும் ஒரு கணினியும்தான்.

2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது உனக்கு நினைவிருக்கும். உறவினர் யாராவது அன்று வீட்டை விட்டு ஓடியிருக்கலாம். அம்மோனியாவுக்குக் காற்றுத்தர வரம்பு 24 மணி நேரச் சராசரியில் 400 மைக்ரோகிராம். கசிவு அன்று ஒரு குழந்தை பத்து நிமிடம் சுவாசித்ததை இந்தச் சராசரியால் சொல்ல முடியாது. நாள்பட்ட மாசுக்கான அளவுகோல் வேறு, திடீர் விபத்துக்கான அளவுகோல் வேறு. "சராசரி வரம்புக்குள்தான் இருந்தது" என்று ஒருவர் சொல்லும்போது, எத்தனை மணி நேரச் சராசரி, எந்த இடத்தில், எப்போது என்று திருப்பிக் கேட்கத் தெரிந்தவர் ஊரில் ஒருவராவது இருக்க வேண்டும்.

எண்ணெய்க் கசிவும் அப்படித்தான். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கெட்டியான எரியெண்ணெய் கரைக்கு வந்தது. இளைஞர்கள் அதை வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கழிமுகத்துக்குள் வந்து வீடு, படகு, வலை எல்லாவற்றிலும் ஒட்டியது. முதலாவதில் யார் கொட்டினார் என்ற கேள்வி எழவில்லை. இரண்டாவதில் அதுதான் கேள்வி. எண்ணெய்க்கும் கைரேகை போன்ற ஓர் அடையாளம் உண்டு. கலவையைத் தனித்தனிப் பொருள்களாகப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பகுப்பியில் ஓட்டினால் எந்த மூலத்தோடு பொருந்துகிறது என்று பார்க்க முடியும். வேதியியல் படித்தவர் கையில் இருக்கும் வலிமை அது.

நிலத்தடி நீரைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. மீஞ்சூர்ப் பக்கம் சென்னைக்காக நீண்டகாலம் ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீர் எடுத்ததால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்துவிட்டது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஒரு மீட்டர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 மீட்டர்வரை உப்புநீரைத் தள்ளி வைக்கும். மேலே ஒரு மீட்டர் இறங்கினால் கீழே 40 மீட்டர் உப்பு ஏறும். பிறகுதான் 1987 இல் சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கு நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. 2010 இல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. உன் வீட்டில் அடிபம்போ ஆழ்துளைக் கிணறோ இருந்தால் மாதம் ஒரு முறை டிடிஎஸ் (கரைந்த பொருள்களின் மொத்த அளவு) மீட்டரால் அளந்து தேதியோடு எழுதி வை. குடிநீருக்கு ஏற்கத்தக்க அளவு 500 மில்லிகிராம், வேறு வழியில்லாதபோது 2,000 வரை. ஆனால் அந்தச் சிறு கருவி கரைந்த உப்பை மட்டும்தான் ஏறக்குறையச் சொல்லும். கிருமி, எண்ணெய், பூச்சிமருந்து எதையும் அது காட்டாது. நீர்வடிப்பான் விற்க வருபவர் அந்த எண்ணை மட்டும் காட்டிப் பயமுறுத்தினால் நம்பாதே.

கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கையும், அங்கே கழிவுநீரை மூன்றாம் நிலைவரை சுத்திகரித்து மணலி ஆலைகளுக்கு அனுப்பும் நிலையத்தையும் உன் துறை வழியாக அனுமதி வாங்கிக்கொண்டு ஒருமுறை போய்ப் பார்த்துவிடு. அவ்வளவு சொன்னால் போதும். பார்த்தால் மீதி தெரியும்.

கணிதத்தைப் பற்றி நீ வெளிப்படையாகக் கேட்கவில்லை, ஆனால் உயிரியலோடு கணிதமும் படித்தவள் என்பது எனக்குப் பெரிய நிம்மதி. புள்ளியியல் தெரியாமல் இந்தத் துறையில் ஒன்றும் சொல்ல முடியாது. இளநிலையில் துணைப்பாடம் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வந்தால் புள்ளியியலையோ கணிதத்தையோ விட்டுவிடாதே. கூடவே கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளைப் பழகு. காசு இல்லை. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972 முதல் இருக்கின்றன. சென்டினல்–2 படங்கள் 10 மீட்டர் துல்லியத்தில் கிடைக்கின்றன. எல்லாம் இலவசம். எண்ணூர்க் கழிமுகத்தில் துறைமுகம் 2001 இல் தொடங்குவதற்கு முன்னும் பின்னும் எவ்வளவு நீர்ப்பரப்பும் அலையாத்திக் காடும் இருந்தன என்பதை நீயே அளந்து பார்க்கலாம்.

எங்கே படிப்பது? இளநிலைக்கு ஊரை விட்டுப் போக வேண்டாம். பிராட்வேயில் பாரதி மகளிர் கல்லூரி, வண்ணாரப்பேட்டையில் தியாகராயா கல்லூரி, வியாசர்பாடியில் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பொன்னேரியில் அரசு கல்லூரி என்று எட்டும் தூரத்தில் இருக்கின்றன. எதில் எந்த அறிவியல் பிரிவு இவ்வாண்டு சேர்க்கையில் உள்ளது என்பதை விண்ணப்பிக்கும்போது சரிபார். கட்டடத்தைப் பார்க்காதே. ஆய்வகத்துக்குள் போய், செய்முறை வகுப்பு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உண்மையில் நடக்கிறது என்று இரண்டாம் ஆண்டு மாணவிகளிடம் கேள்.

முதுநிலைக்குப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சூழலியல் துறை, கோவை பாரதியார், சேலம் பெரியார் பல்கலைக்கழகங்களின் சுற்றுச்சூழல் துறைகள், ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் மையம், தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் ஆகியவை இருக்கின்றன. புதுச்சேரிக்கும் தில்லிக்கும் பொது நுழைவுத் தேர்வு உண்டு. இந்த முதுநிலைப் படிப்புகளுக்கு வேதியியலோ உயிரியலோ படித்தவர்கள் சேர முடியும். சுற்றுச்சூழல் இளநிலை கட்டாயமில்லை. பொறியியல் பக்கம் மனம் போனால் பாதை வேறு: கட்டடப் பொறியியலோ வேதிப் பொறியியலோ முடித்துவிட்டு, கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்திலோ சென்னை ஐஐடியிலோ சுற்றுச்சூழல் பொறியியல். சுத்திகரிப்பு நிலையத்தை வடிவமைப்பவர் அவர். அது சரியாக வேலை செய்கிறதா என்று சோதிப்பவர் நீ. இருவரும் தேவை.

வேலை. நேராகச் சொல்கிறேன். இளநிலை முடித்தவுடன் கிடைப்பது பெரும்பாலும் தனியார் நீர், காற்றுப் பரிசோதனைக் கூடங்களில் பகுப்பாய்வாளர் வேலை, அல்லது ஆலை, குடியிருப்பு வளாகங்களின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் வேலை. சம்பளம் உன் வீட்டார் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். என்ஏபிஎல் எனும் தேசிய ஆய்வக அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகமாகப் பார்த்துச் சேர். அங்கே ஒவ்வொரு மாதிரிக்கும் பதிவேடு, ஒவ்வொரு கருவிக்கும் அளவுதிருத்தம் என்ற ஒழுங்கு பழகிவிடும். முதுநிலைக்குப் பின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நிறுவனங்கள், ஆலைகளின் சுற்றுச்சூழல் பிரிவு, ஆராய்ச்சித் திட்டங்கள். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் சுற்றுச்சூழல் விஞ்ஞானி பணி உண்டு. அதற்கு வேதியியல், விலங்கியல், நுண்ணுயிரியல் போன்றவற்றில் முதுநிலை முடித்தவர்களும் விண்ணப்பிக்க முடிந்திருக்கிறது. ஆனால் அறிவிப்பு ஆண்டுதோறும் வருவதில்லை. அதை மட்டும் நம்பி வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. ஆராய்ச்சிக்குப் போக நினைத்தால் தேசியத் தகுதித் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியல் தனிப் பாடம். இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். பொறியியல் முதுநிலைச் சேர்க்கைக்கான கேட் தேர்விலும் 2021 முதல் தனித் தாள் இருக்கிறது. பள்ளிக்கரணையில் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையமும், தரமணியில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் நீரி எனும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் சென்னைக் கிளையும் உள்ளன. இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு இவற்றுக்கு எழுதிக் கேட்கலாம்.

இன்னொரு பாதையை வடசென்னைப் பிள்ளைகள் யாரும் யோசிப்பதில்லை என்பது என் குறை. அறிவியல் பட்டத்துக்குப் பின் மூன்றாண்டுச் சட்டப் படிப்பு. 2010 ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே நடக்கிறது. அங்கே நீதித்துறை உறுப்பினரோடு துறைசார் வல்லுநர் உறுப்பினரும் அமர்ந்து விசாரிக்கிறார். பிஓடி அறிக்கையைப் படிக்கத் தெரிந்த வழக்கறிஞருக்கு அங்கே இருக்கும் மதிப்பை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இனி அப்பா விஷயம். இந்தக் கேள்வியை நீ தயங்கித்தான் எழுதியிருப்பாய். மணலியில் சோறு தின்னும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குள் இருக்கும் கேள்வி இது. ஆலை இயங்கவும் வேண்டும், மூச்சும் விட வேண்டும். ஆலைக்கு நீர்ச் சட்டம் 1974, காற்றுச் சட்டம் 1981 இரண்டின்கீழும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியான இசைவாணை வேண்டும். அதில் ஒவ்வொரு புகைபோக்கிக்கும் வடிகாலுக்கும் வரம்பு எழுதியிருக்கும். அந்த வரம்பைக் காக்க ஆலைக்குள்ளேயே படித்தவர்கள் தேவைப்படுகிறார்கள். வால்வு கசிவதையும் வடிகட்டி அடைத்துக்கொண்டதையும் முதலில் சுவாசிப்பது உள்ளே வேலை செய்யும் தொழிலாளிதான். பெரும்பாலும் அவர் ஒப்பந்தத் தொழிலாளி. அவருடைய நுரையீரலைக் காப்பதும் இந்தப் படிப்பின் வேலை. அப்பாவிடம் இதைச் சொல். எதிர்த்து நிற்க வேண்டிய நாள் வரலாம், வராமலும் போகலாம். வந்தால் எதைப் பேசுகிறோம் என்று தெரிந்து பேசுவாய்.

2006 ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பெரிய திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். திட்ட அறிக்கையின் சுருக்கம் மட்டும் தமிழில் தருவார்கள். முழு அறிக்கை ஆங்கிலத்தில் தடித்த நூலாக இருக்கும். கூட்டத்தில் மீனவப் பெண்கள் அழுது கேட்கும் கேள்விக்கான விடை அந்த நூலின் உள்ளே எங்கோ ஓர் அட்டவணையில் கிடக்கும். அந்த அட்டவணையைத் திறந்து, மாதிரி எந்தப் பருவத்தில் எடுத்தார்கள், காற்றின் எதிர்ப்பக்கத்தில் எடுத்தார்களா என்று பார்த்து, குப்பத்தில் தமிழில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். தமிழ் வழியில் படித்தது இங்கே உன் பலம். கல்லூரியில் முதல் ஆண்டு ஆங்கிலப் பாடநூல் கடினமாகத்தான் இருக்கும். பள்ளியில் படித்த ஆக்சிஜனேற்றமும் வீழ்படிவும் மாறிவிடவில்லை, பெயர்கள்தான் புதியவை. ஒரு நோட்டில் இரண்டு பெயரையும் எழுதிக்கொண்டே போ. இரண்டாம் ஆண்டுக்குள் பழகிவிடும்; அப்படிப் பழகிய பிள்ளைகள் ஏராளம்.

கடைசியாக நடைமுறை. அரசுக் கலைக் கல்லூரிகள் அனைத்துக்கும் இணையத்தில் ஒரே விண்ணப்பம்; தேர்வு முடிவு வந்தவுடன் திறப்பார்கள். வேதியியலை முதல் விருப்பமாகவும், விலங்கியலையோ தாவரவியலையோ அடுத்ததாகவும் போடு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், உன் பெயரில் ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கு மூன்றையும் இந்த மாதமே தயார் செய்துவிடு. கலந்தாய்வு நேரத்தில் இசேவை மையத்தில் கூட்டம் நிறைந்துவிடும்.